அறுக்காமல் விட்ட சாமை

எண்பதுகளில் எங்கள் ஜவ்வாது மலைக் கொல்லைகளைத் தொழிற்சாலைக்கு எடுக்க வந்தார்கள். ஊரே எதிர்த்தது. முற்றிய சாமையை அறுக்காமல் விட்டோம். கதிர் நிற்கும் நிலத்தில் எவனும் வண்டி ஏற்றமாட்டான் என்று நம்பினோம்.

புல்டோசர் ஓட்டி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொல்லையில் கால் வைத்தார்.

"அறுத்துக்கோங்கண்ணா. நாளைக்கு வரைக்கும் வண்டி ரிப்பேருன்னு சொல்லிக்கிறேன்."

"அறுத்துட்டா வெறுங்கொல்லதான? சுளுவா புடுங்கிக்குவீங்க! இன்னா நடிப்பு!" என்று என் மனைவி கத்தினாள். எனக்கு அவரை நம்பத் தோன்றியது. ஆனால் கூட்டத்தில் பேசக் கூச்சம்.

சொன்னபடியே அவர் வண்டியை நிறுத்தி வைத்தார். நாங்கள் அறுக்கவில்லை. அதன்பின் வேறொருவர் வந்து சாமை மேலேயே ஓட்டினார்.

வண்டித் தடத்தில் குனிந்து ஊரே கதிர் பொறுக்கியது. நிலம் எப்படியும் போயிருக்கும். விரட்ட வந்தவர்களில் எங்கள் சோற்றை நினைத்தவர் அவர் ஒருவர்தான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.