லட்சுமி எந்த ஊர்?

ஆராய்ச்சி உதவியாளர் வேலையில் ஆராய்ச்சி செய்கிற நேரத்தைவிட, ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிற நேரம்தான் அதிகம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்ததைத் தேட ஆரம்பிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவராக நீங்கள் இருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எனக்கு வயது நாற்பத்திரண்டு. பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில், மார்சிலிங்கில். பி.எச்டி. முடித்து இத்தனை வருஷத்தில் ஒரே பேராசிரியரிடம் வருஷாவருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில்தான் இருந்தேன். அவர் புத்தகங்களுக்கு நான் எடுத்த பேட்டிகள் அடிக்குறிப்பில் ஒரு நன்றியாகச் சுருங்கிப்போகும். கடைசியாக வந்த ஒப்பந்தத்தோடு, அடுத்த வருஷம் நிதி இல்லை என்ற செய்தியும் வந்தது. அந்த வாரம்தான் ஓர் அறக்கட்டளை, கிராமப்புறச் சமூகங்களின் பிரச்சனைகளை ஆராய்வதற்குச் சம்பளத்தோடு ஒரு ஃபெல்லோஷிப் அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஆண்கள் விட்டுவிட்டு வந்த ஊர்களில் என்ன நடக்கிறது என்பதுதான் நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. விண்ணப்பித்தேன்.

அஞ்சல் குறியீடு

விண்ணப்பம் முழுக்க இணையத்தில். மூன்றாவது பக்கத்தில் 'ஆய்வு செய்யப்படும் சமூகத்தின் அஞ்சல் குறியீடு' என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டும். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்தின் பின்கோடைப் போட்டேன். அங்கேயும் ஆறு இலக்கம், இங்கேயும் ஆறு இலக்கம். இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒரு கட்டடம் சிங்கப்பூரில் இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. கட்டத்தைத் தாண்டி அடுத்த பக்கம் போகவும் விடவில்லை.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண். பொறுமையாகத்தான் கேட்டாள். சிங்கப்பூரில் கிராமமே இல்லையே, கிராமத்தைப் பற்றிய ஃபெல்லோஷிப்புக்கு எப்படி இந்த ஊர்க் குறியீட்டைக் கேட்கிறீர்கள் என்றேன். சிஸ்டம் அப்படித்தான் இருக்கிறது, போன வருஷம் முதியோர் ஆய்வுக்குச் செய்த படிவம் இது என்றாள். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க ஆபீஸ் போஸ்டல் கோடையே போட்டுடுங்க லா. கிராமம் எங்க இருக்குன்னு யாரும் செக் பண்ண மாட்டாங்க."

பரிந்துரைக் கடிதம்

பேராசிரியரிடம் கடிதம் கேட்டேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். நேரம் இல்லாததால் என்னையே எழுதிக்கொண்டு வரச் சொன்னார், கையெழுத்து மட்டும் அவர் போடுவாராம். உங்களில் பலருக்கு இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். தன்னைத் தானே புகழ்ந்து, அதை இன்னொருவர் குரலில், அதுவும் மேலதிகாரி குரலில் எழுத வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். கூச்சத்தை விட்டு ஒரே ஒரு வாக்கியம் போட்டிருந்தேன்: 'இவர் சுயமாகச் சிந்திப்பவர்.'

அவர் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் பேனாவை வைத்தார். அதை அடித்துவிட்டு, 'கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பவர்' என்று எழுதினார். என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தாளைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "சுயமா சிந்திக்கிறவங்கன்னு எழுதினா பயந்துடுவாங்க. உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

ஒப்புதல் படிவம்

விண்ணப்பத்தோடு மாதிரிப் பேட்டிகள் இணைக்க வேண்டும். காளிதாஸை அதற்காகத்தான் பார்க்கப் போனேன். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற வேலை அவருக்கு. ஊரை விட்டு வந்து ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார்.

பேட்டிக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நான்கு பக்கம். எந்த மொழிபெயர்ப்பாளர் செய்தாரோ, கோர்ட் உத்தரவு மாதிரி இருந்தது. சுற்றிலும் ஆட்கள் போனில் சத்தமாக ஊருக்குப் பேசிக்கொண்டிருக்க, நான் ஒப்பித்துக்கொண்டே போனேன். 'பங்கேற்பாளர் தமக்கு எவ்வித இழப்புமின்றி எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்' என்ற இடத்தில் காளிதாஸ் கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். தாளை வாங்கி, அந்த வரியில் விரலை வைத்துத் தானும் ஒருமுறை படித்தார்.

எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறாரோ, இப்போதே விலகிக்கொள்ளப் போகிறாரோ என்று. பெயர் வெளியே வராது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏஜென்ட்டுக்கு, கம்பெனிக்கு, டார்மிட்டரிக்குன்னு எத்தனையோ தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. இஷ்டமில்லேன்னா விலகிக்கலாம்னு எழுதுன தாளை இப்பத்தான் பாக்குறேன்."

பதினாலு கேள்வி

காளிதாஸ்தான் தன் மனைவி பாண்டிச்செல்வியின் எண்ணைக் கொடுத்தார். "என்னையவிட அவ நல்லாப் பேசுவாக்கா" என்றார். அடுத்த ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டேன். அந்த அம்மாள் மிளகாய் காய வைத்திருந்த களத்திலிருந்து பேசினாள். பின்னால் தரை முழுக்கச் சிவப்பு. தலையில் துண்டு. ஒரு கையில் போன், இன்னொரு கையால் வத்தலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் பேசினோம். வெளிநாடு போனவர்கள் தரிசாகப் போட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போடுகிறாள். கண்மாயின் மடை உடைந்து தண்ணீர் நிற்காமல் ஓடியிருக்கிறது. மூன்று முறை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துப் பலனில்லாமல், நான்காவது முறை பத்துப் பெண்களோடு போய் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஓர் அதிகாரி இறங்கி வந்து பேசினார். மறு மாதம் மடை கட்டப்பட்டது. கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த கருவேல மரத்தை வெட்ட ஆள் சேர்த்ததும் அவள்தான்.

கஷ்டமான நாள் எது என்று கேட்டேன். ஒரு வருஷம் காயப் போட்டிருந்த மிளகாய் எதிர்பாராத மழையில் மொத்தமும் நனைந்து கறுத்துவிட்டதாம். புருஷனுக்குச் சொல்லலாம் என்றால் அவர் வேலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. "களத்துலயே உக்காந்து அழுதேன் மேடம். அப்புறம் எந்திரிச்சு அள்ளுனேன், பாதி தேறுச்சு" என்றாள்.

நான் கையில் வைத்திருந்த கேள்வித்தாள், பேராசிரியரின் பழைய திட்டத்துக்குச் செய்தது. கணவர் பிரிவினால் தூக்கம் கெடுகிறதா, கணவர் பிரிவினால் பசி குறைகிறதா என்கிற வகை. வரிசையாகக் கேட்டு முடித்தேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். "அவுகளைப் பத்தியே பதினாலு கேள்வி கேட்டீக. மடையைப் பத்தி ஒண்ணுகூட இல்லையே மேடம்?"

பிரச்சனை எங்கே?

அவள் சொன்னது உறைத்ததால் விண்ணப்பத்தையே மாற்றி எழுதினேன். ஆண்கள் போன பிறகு அந்த ஊரை நடத்துவது யார், தண்ணீரையும் நிலத்தையும் யார் பேசி வாங்குகிறார்கள் என்பதை மையமாக வைத்தேன். இவ்வளவு வருஷத்தில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். தஞ்சோங் பகாரில் இருபத்தெட்டாவது மாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவர் தமிழ் அம்மையார், பட்டுப் புடவை, கனிவான முகம். மற்ற இருவர் இந்த ஆய்வால் என்ன தாக்கம் ஏற்படும், வேறு நாடுகளுக்கு விரிக்க முடியுமா என்று கேட்டு முடித்தார்கள். பிறகு இவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். பாண்டிச்செல்வி வருகிற பக்கங்களில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார். கலெக்டர் ஆபீஸ் சம்பவம் தன்னை மிகவும் கவர்ந்ததாகச் சொன்னார். அறக்கட்டளை ஆதரவு தருவது பிரச்சனைகளில் சிக்கிய சமூகங்களுக்கு என்பதையும் நினைவூட்டினார். மடை உடைந்தது பிரச்சனைதானே என்றேன். அதுதான் கட்டியாகிவிட்டதே என்றார். அந்த மடைக்காக அவர்கள் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், என் குரல் ஏறிவிட்டது எனக்கே தெரிந்தது. முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, அன்பாகவே கேட்டார்: "இந்தப் பொண்ணு எல்லாத்தையும் சமாளிச்சுக்கிறாங்களேம்மா. அப்போ பிரச்சனைன்னு நீங்க எதைச் சொல்றீங்க?"

திருத்தம்

நிராகரிப்புக் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது அது இல்லை. சமூகத்தின் நலிவு போதிய அளவு வெளிப்படவில்லை, இரண்டு வாரத்தில் திருத்தி அனுப்பினால் பரிசீலிப்போம் என்று இருந்தது. அந்த இரண்டு வாரத்தோடுதான் என் ஒப்பந்தமும் முடிகிறது. அதற்குப் பிறகு டியூஷன் எடுக்கப் போகலாம். முன்பு எடுத்திருக்கிறேன், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பத்திரண்டு வயதில் அங்கே போனால் திரும்பி வர மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பேராசிரியரிடம் காட்டினேன். விண்ணப்பத்தைத் திருத்துகிற இந்த ஒரு விஷயத்தில் அவர் பெரிய ஆள். பத்து நிமிஷத்தில் படித்தார். அந்த அம்மாள் மிளகாய்க் களத்தில் உட்கார்ந்து அழுத இடத்தைச் சுட்டிக்காட்டி, இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா என்றார். கலெக்டர் ஆபீஸை எங்கே வைப்பது என்று கேட்டேன். பக்க வரம்பு இருக்கிறதே என்றார். இது பொய் ஆகிவிடாதா என்று கேட்டபோது அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பாண்டிச்செல்விக்கு விதிப்படி லட்சுமி என்று பெயர் வைத்தேன். மடை போயிற்று, குத்தகை நிலம் போயிற்று, பத்துப் பெண்களும் போனார்கள். 'களத்திலேயே உட்கார்ந்து அழுதேன்' என்பதோடு ஒரு முற்றுப்புள்ளி. 'அப்புறம் எந்திரிச்சு அள்ளுனேன்' என்பது மூன்றே சொல்தான். அழிப்பதற்கு நேரமே ஆகவில்லை. யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை. பேராசிரியர் சொன்னது மட்டும் காதில் இருந்தது: "ஃபேக்ட் எதையும் மாத்தாதே. வரிசையை மட்டும் மாத்து."

பங்கேற்பாளருக்குப் பிரதி

ஃபெல்லோஷிப் கிடைத்தது. அந்தத் தமிழ் அம்மையாரே போனில் கூப்பிட்டு வாழ்த்தினார். லட்சுமி பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவே முடியவில்லை என்றார். அறக்கட்டளை என் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழிலும் அச்சிட்டது. அட்டையில் யாரோ ஒரு பெண்ணின் வெடித்த பாதங்கள். அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

பங்கேற்பாளர்களுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று விதி. தள்ளிப்போட்டுப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து இரண்டு முறை நினைவூட்டல் வந்தது. பாண்டிச்செல்வியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஒரு வாரம் பதில் இல்லை. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். வேலை கிடைத்ததற்கு முதலில் சந்தோஷம் சொன்னாள். காளிதாஸ் சொன்னாராம். புத்தகத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். பிறகு, "அந்த லட்சுமி எந்த ஊரு மேடம்?" என்று கேட்டாள். பெயரை மாற்றுவது விதி, அது நீங்கள்தான் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு விநாடி இருந்தது. "உங்க பக்கத்து ஊர்தான்" என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் வத்தலைக் கிளறுகிற சத்தம் கேட்டது. தெரிந்துகொண்டுதான் கேட்டாளா, நிஜமாகவே தெரியவில்லையா என்று அந்தக் குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேட்டி எடுப்பதுதான் என் தொழில், இருந்தும் முடியவில்லை. பிறகு அவள் சொன்னாள். "வத்தல் நனைஞ்சதுக்கு அப்படியேவா ஒருத்தி உக்காந்துருப்பா, பாவம். நம்பரைக் குடுங்க மேடம், நான் போயி என்னன்னு பாத்துட்டு வாறேன்."

ஆக, இல்லாத ஒரு பெண்ணின் துயரத்துக்கு முழுநேர ஆய்வாளராக என்னை நியமித்திருக்கிறார்கள், அறைக் கதவில் என் பெயரை மட்டும் எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.