வாழை நடாத வயலில் மூன்று கூடாரம்

கூடாரம் அடிப்பது அரை நாள் வேலைதான். அதில் தங்க வருகிறவர்களுக்கு எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் ஆளைத் தின்கிற வேலை. உறவுக்காரர்களை ஒருமுறையாவது சுற்றுலா கூட்டிக்கொண்டு போன பாவத்தைச் செய்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சி.

நான் மேலப்பாளையத்துக்காரன். சாமியானாப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டை வரை தெருவுக்கொரு கல்யாண மண்டபம் வந்த பிறகு, என் பந்தலைத் தேடி வந்தவை துக்க வீடுகள் மட்டும்தான். இப்படியே போனால் ஊரில் எவனாவது இருமினாலே சந்தோஷப்படுகிற ஆளாகிவிடுவீர்கள் என்று என் மனைவி ஆயிஷா சொன்னாள். சொகுசுக் கூடாரம் அவள் யோசனைதான். உள்ளே கட்டில், மெத்தை, ஏர் கூலர். பின்னால் டைல்ஸ் போட்ட குளியலறை. வாசலுக்கு நேரே தாமிரபரணி. பழைய பந்தல் சாமான்களை விற்று மூன்று கூடாரம் வாங்கினோம்.

இடம், சீவலப்பேரி செல்லையா அண்ணாச்சியின் ஆற்றங்கரை வயல். காற்றில் வாழை சாய்ந்து சும்மா கிடந்தது. பங்குனி முடிய மட்டும் வைத்துக்கொள்ளும், சித்திரை பிறந்தால் மறுபடி வாழை நட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். தாம் தோட்டக் காவலுக்குப் படுத்துக் கொசுக்கடி வாங்கிய இடத்தில், துட்டு கொடுத்துப் படுக்க ஆள் வரும் என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. அவர் மனசு மாறாவிட்டால் எனக்குப் பந்தலும் இல்லை, வயலும் இல்லை. இந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் கீழே உள்ள கூத்தெல்லாம் நடந்தது.

முதல் விருந்தாளி

கூடாரம் மூன்றும் வெள்ளை வெளேரென்று எழுந்த முதல் நாள் காலை. ரோட்டில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், செருப்பைக் கழற்றி வரப்போரம் விட்டுவிட்டு, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாற்காலி போட்டேன். தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தவர், எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. செல்லையா அண்ணாச்சி வயலில் பந்தல் போட்டிருக்கிறது, பக்கத்தில் மேலப்பாளையம் பாய் நிற்கிறார் என்றால் சாவு விழுந்ததென்று துட்டி விசாரிக்கத்தானே வருவார்கள்? இத்தனை வருஷமாக நான் சேர்த்த பெயர் அது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சியே டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டோடு வந்து இறங்கினார். வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணாச்சி அவரையும் பார்த்தார், கையில் இருந்த துண்டையும் பார்த்தார், கூடாரத்தையும் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது. நிதானமாகச் சொன்னார்: "வந்துட்டீரு, காப்பி குடிச்சிட்டுப் போம். நெசத்துக்கு நான் போகும்போது நீரு வராட்டாலும் வந்ததாவே வச்சுக்கிடுதேன்."

ஒன்பதும் ஒரே நாளில்

மறுநாளே கூடார வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினேன். அதைப் பார்த்து மொய்க்கவரோடு ஒருவர் வந்தது தனிக்கதை.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் கம்ப்யூட்டர் வேலை. நவதிருப்பதி ஒன்பதையும் மத்தியானத்துக்குள் முடித்து, ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழி பார்த்து, கிருஷ்ணாபுரத்துச் சிலைகளைத் தொட்டுவிட்டு, சாயங்காலம் பாபநாசத்தில் அருவிக் குளியல் என்று செல்போனில் நிமிடக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆறு எங்கேயும் ஓடிவிடாது, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று ஆயிஷா போனிலேயே படித்துப் படித்துச் சொன்னாள். கேட்கவில்லை. பாங்கு நேரம் எனக்கு எவ்வளவு மனப்பாடமோ, ஒன்பது பெருமாளும் நடை சாத்துகிற நேரம் இப்போது அவ்வளவு மனப்பாடம். அதனால் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

இருட்டோடு கிளம்பினோம். வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் ஓடுவார். மனைவி கையில் செருப்போடு பின்னால் ஓடுவார். ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது அந்தம்மாள் புளியமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கணவர் விடவில்லை. இதுதான் உறங்காப்புளி, மற்ற மரம் மாதிரி ராத்திரியில் இலை மூடாது, எத்தனையோ காலமாக உறங்காமல் நிற்கிறது என்று போனைப் பார்த்து வாசித்துக்கொண்டே, கிளம்பு கிளம்பு என்றார். அந்தம்மாள் கோபமே இல்லாமல் சொன்னார்: "மரம் தூங்கலன்னா அது சாமி. நான் மனுஷிங்க. என்னை டென்ட்ல கொண்டு போய் விட்டுடுங்க."

மயிலும் தகர டின்னும்

பெங்களூரிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். காலையில் மயில் வரும் என்று எங்கள் விளம்பரத்தில் ஆயிஷா எழுதிவிட்டாள். அண்ணாச்சிக்கு மயில் என்றாலே ஆகாது. விதைத்ததைக் கொத்தித் தின்கிற திருட்டுக் கழுதை என்பார். தகர டின்னைத் தட்டி விரட்டுவதுதான் அவருக்கு முதல் வேலை. அன்றைக்கும் டின்னோடு வந்தார். வரப்பில் அந்தப் பெண் குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் மயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. ஆனால் அண்ணாச்சி டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மயில் பக்கத்து உளுந்தில் வயிறாரத் தின்று முடிக்கும்வரை அப்படியே நின்றார். அவருடைய உளுந்துதான். பிறகு என்னிடம், தமக்கே பிடிக்காத ஒன்றை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்: "அது தின்னுட்டுப் போகட்டும், அந்தப் பிள்ளை பாத்துட்டுப் போகட்டும்."

கொடைக்கானல்

ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மூன்று நாளைக்குக் கூடாரம் கேட்டார்கள். எந்த ஊர் என்று ஆயிஷா கேட்டதற்குப் பாளையங்கோட்டை என்றார் சார். டவுன் பஸ்ஸில் ஏறினால் ஒரு குட்டித்தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். வீட்டில் இருக்க முடியவில்லையாம். விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி ஒருவன், சிபாரிசுக்கு ஒருவன், பாட்டுப் பயிற்சி, ஜெபக்கூட்டம் என்று காலிங்பெல் ஓயவில்லையாம். அதனால் சபையிலும் தெருவிலும் கொடைக்கானல் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டர்கூட எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பைக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டு, சீவலப்பேரி வந்து இறங்கிவிட்டார்கள்.

நன்றாக இருந்தார்கள். சார் ஆற்றில் இறங்கினால் ஏற மாட்டார். டீச்சரம்மா கரையில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுப்பார். எந்த ஊரைச் சுற்றவும் திட்டம் கேட்காத ஒரே ஜோடி அவர்கள்தான். அதனாலேயே எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி, ஆற்றுக்குள் நின்ற சாரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டான். பழைய மாணவன், சாரின் தெருக்காரன். சார் கொடைக்கானலில் அல்லவா இருக்கிறீர்கள் என்று கேட்டான். இடுப்பளவு தண்ணீரில் துண்டோடு நின்ற சார், வகுப்பில் நிற்கிற தோரணையிலேயே கேட்டார்: "ஏலே, வேலை நாள்ல நீ இங்கன என்ன செய்யுத? நான் கொடைக்கானல்ல இருக்கேன், நீ ஆபீஸ்ல இருக்க. சரிதானே?"

மதினி

பங்குனி முடியப் போகிறது. ஒருநாள் காலை வந்து பார்த்தால் வயல் மூலையில் வாழைக்கன்று குவிந்து கிடந்தது. அண்ணாச்சியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும்? ஆயிஷா மட்டும், மூன்று கூடாரத்தையும் மேலப்பாளையத்து மொட்டை மாடியில் அடித்து நாம் இருவரும் மாறி மாறிப் படுப்போம் என்று சிரித்தாள். அவளுக்கும் அழுகை முட்டியது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வர வேண்டியவர்களின் வண்டி கோவில்பட்டி பக்கம் நின்றுவிட்டது, வர முடியாது என்று போன் வந்தது. சமைத்த சாப்பாடு கிடந்தது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி மனைவி பேச்சியம்மாள் மதினியை ஆயிஷா சாப்பிடக் கூப்பிட்டாள். இத்தனை நாளாக வரப்பில் நின்று பார்ப்பாரே தவிர, மதினி ஒருமுறைகூடக் கூடாரத்துக்குள் கால் வைத்ததில்லை. கையையும் காலையும் இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தார். சாப்பிட்டார். மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். உட்கார்ந்து பாருங்கள் மதினி என்று சொல்லிவிட்டு ஆயிஷா மோர் எடுக்க வந்தாள். திரும்பிப் போனால் மதினி நல்ல தூக்கம். கூலர் காற்றில் சேலைத் தலைப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்கிற நேரம் அண்ணாச்சி தேடிக்கொண்டு வந்தார். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும், அப்படி ஒரு குரல். கூப்பிட வாயெடுத்தவர் கூடார வாசலில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் பகலில் கண்ணை மூடி நான் கண்டதில்லை என்று மெல்லச் சொன்னார். பிறகு வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அண்ணாச்சி, கன்று நடுகிறது என்றைக்கு என்று கேட்டேவிட்டேன். பயத்தில் குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது போல. அவர் என்னைக் கையமர்த்தினார்: "கன்னைப் பக்கத்து வயக்காரன் கொண்டு போகட்டும்வே. பைய பேசும், அவ உறங்குதா."

ஊரார் காலை நீட்டிப் படுக்க இடம் போட்டுக் கொடுக்கிற நான், கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அக்கடாவென்று உட்காரலாம் என்று திரும்பினால், அங்கே இருந்த ஒரே நாற்காலியில் அண்ணாச்சியும் கண் அசந்திருந்தார்.