என் முதல் வீடியோவுக்கு வந்த பதில்

இன்று ஒருவழியாகப் பேசிவிட்டேன்.

பாண்டி பஜார் பிரவுசிங் சென்டரில் வெப்கேமரா முன்னால் உட்காருவதும், குரல் நடுங்கி எழுந்துவிடுவதுமாக மூன்று மாதம் போயிற்று.

"இத யாரு பாக்கப் போறாங்கக்கா? சும்மா பேசுங்க," என்றார் கடைக்காரர்.

பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றை இரண்டு நிமிடம் விளக்கினேன். பெயரோ தெருவோ சொல்லவில்லை; சந்தேகம் கேட்க மெயில் முகவரி மட்டும் போட்டேன். இணையத்தில் ஏற்றி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

கொஞ்ச நேரத்தில் பெயரில்லாத ஒரு மெயில் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"நல்லா சொல்லித் தர்றீங்க மேடம். உங்க மொட்டை மாடியில காயுதே பச்சைப் புடவை, அதைக் கட்டியிருக்கலாம்."

காலையில்தான் அதைக் காயப்போட்டேன்.

இன்னும் சென்டரிலேயே இருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்பாமல் இதை எழுதுகிறேன். இந்த வலைப்பதிவைப் படிக்கும் உங்களில் யாராவது விளையாடியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன்.