மணிக்காரரின் சாப்பாட்டுக் கேரியர்

கடலடியில் மாட்டிக்கொண்ட நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்பதற்கென்றே கட்டிய கப்பல் அது. மணி மாதிரி பெரிய இரும்புக் கூண்டு ஒன்றைக் கம்பி வடத்தில் இறக்கி, நீர்மூழ்கியின் முதுகில் உட்கார வைத்து, உள்ளே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மணியை இறக்கி ஏற்றுகிற விஞ்சு எந்திரத்தில் நின்றவரைத் தெருவே மணிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கப்பல் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளக் காலத்தில் மாவு மூட்டை சுமந்தது. கரைதட்டிய படகுகளை இழுத்தது. கடலில் விழுந்த ஹெலிகாப்டரைத் தேடி வாரக்கணக்கில் அலைந்தது. எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலை மட்டும் அதற்கு வாய்க்கவே இல்லை.

"வாய்க்கவே வேணாம்யா. சும்மா இருந்தே கெழடாகட்டும்" என்பார் மணிக்காரர்.

பயிற்சி மட்டும் தவறாது. நீர்மூழ்கி வேண்டுமென்றே அடியில் போய்ப் படுக்கும், மணி இறங்கும், ஆட்கள் சிரித்துக்கொண்டே மேலே வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன், "உங்க மணியில ஏறினா வயித்தப் பெரட்டுது" என்று அவரையே கேலி செய்தான். கடைசியில் அவனே மாப்பிள்ளையாக வந்து, மாமனார் வீட்டிலேயே குடியும் இருந்தான்.

அந்தத் தெருவில் முக்கால்வாசி நீர்மூழ்கிக்காரர்களின் குடும்பங்கள். மணிக்காரர் வாசலில் இறங்கினாலே பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர் முகத்தையா பார்ப்பார்கள்? கையைத்தான் பார்ப்பார்கள். சாப்பாட்டுக் கேரியர் இருந்தால் பயிற்சி. வெறுங்கையோடு ஓடினால் நிஜம். அப்படி ஒரு நாள் வந்தாலும் தெரு பதறக் கூடாதென்று, காலிக் கேரியர் ஒன்றைக் கதவுக்குப் பின்னால் மாட்டியே வைத்திருந்தார் மனுஷன்.

அந்த நாள் ஒரு நடுப்பகலில் வந்தது. நீர்மூழ்கி மேலே வரவில்லை என்ற விஷயத்தைப் போனில் கேட்டவர் எந்த நீர்மூழ்கி என்று கேட்கவில்லை. அந்த வாரம் கடலில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை அதில்தான் போயிருந்தான்.

மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா, இந்த நேரத்துல?"

"பயிற்சிம்மா. திடீர்னு வெச்சுட்டானுங்க" என்று கேரியரை எடுத்துக் காட்டினார்.

அட மனுஷா! தெருவை ஏமாற்றலாம். பயிற்சிதோறும் சோறு கட்டித் தருகிறவளே அவள்தானே, அவளிடமா இந்த வித்தை? பயத்தில் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

மகள் கேரியரைக் கையில் வாங்கினாள். எடையே இல்லை. அவள் முகம் வெளுத்தது.

"மூடி சரியாப் போடலப்பா. இருங்க" என்று உள்ளே போனாள். திரும்பி வந்து கொடுத்தபோது அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

எதிர்வீட்டு அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "பயிற்சியா அண்ணே?"

மணிக்காரர் குனிந்து செருப்பை மாட்டினார். பின்னால் நின்ற மகள்தான் பதில் சொன்னாள்: "ஆமாக்கா, பயிற்சிதான்."

கப்பல் நீர்மூழ்கி கிடந்த இடத்தை அடைந்தது. மணிக்காரர் பூப்போல மணியை இறக்கினார். மணிக்குள் போனவர்கள் நீர்மூழ்கியின் முதுகில் சுத்தியலால் தட்டினார்கள். உள்ளே உயிர் இருந்தால் திருப்பித் தட்டும்.

மணிக்குள் இருப்பவர்களோடு பேசும் போனைப் பிடித்திருந்தவன் தலையை ஆட்டினான். "பதில் இல்லண்ணே."

"மறுபடி தட்டச் சொல்லு."

"தட்டிட்டே இருக்காங்க. நீங்க ஒரு வாயாச்சும் சாப்பிடுங்கண்ணே." அவனே கேரியரைத் திறந்தான்.

சோறு இல்லை. முதல் தட்டில் மாப்பிள்ளையின் பனியன், அடுத்ததில் காலுறை, அடியில் கம்பளித் தொப்பி. எல்லாம் மகள் அப்போது மடித்துக்கொண்டிருந்தவை.

மணிக்காரர் அதை ஒரு முறை பார்த்தார். விஞ்சின் கைப்பிடியை மட்டும் விடவில்லை.

"கேரியரை மூடி உள்ள வைடா. நனைஞ்சிடப் போகுது" என்றார்.

கீழே மறுபடியும் தட்டினார்கள்.