வெள்ளை என்று எழுதிய டப்பா

மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணன் ஊசியைச் சுடவைத்துப் போட்ட ஓட்டைகள். பக்கவாட்டில் மார்க்கரால் 'வெள்ளை' என்று எழுதியிருக்கிறான். அவன் சாகிறவரை அது காலியாகத்தான் இருந்தது. இன்னும் பிறக்காத பாம்புக்காக எடுத்து வைத்த டப்பா.

அண்ணன் செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே கார்ன் ஸ்நேக் வளர்த்து விற்றான். வெளிநாட்டுப் பாம்பு, விஷம் கிடையாது. சாதாரணமாகப் பழுப்பாக இருக்கும். நிறம் மாறிப் பிறப்பதற்குத்தான் விலை. எட்டாவதோடு நின்றுவிட்ட நான் வீட்டில் தறிக்கு நூல் சுற்றுவேன். அவன் ஷிப்டுக்குப் போனால் பாம்புகளுக்கு எலிக்குஞ்சு போடுவதும் நான்தான். ஒருமுறை ஒன்று தப்பித்து, அப்பாவின் தறிக்குழிக்குள் இறங்கி மிதிப்பலகையைச் சுற்றிக்கொண்டது. அப்பா இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். "ஊரே பட்டு வித்துகினு கீது, எம்புள்ள பாம்பு விக்கிறான். வந்து எடுடா, ஜல்தி." அண்ணன் மெதுவாகத்தான் வந்தான். "அதுக்கும் தறி கத்துக்க ஆச நைனா."

கறுப்பே இல்லாத சிவப்பு ஆணையும், சிவப்பே இல்லாத சாம்பல் பெண்ணையும் அவன் ஜோடி சேர்த்தான். நீளவாட்டில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் போட்டால் புடவையில் இரண்டும் மின்னும். பாம்பும் அப்படித்தான் வரும் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். குட்டிகள் எல்லாமே பழுப்பாகப் பிறந்தன.

"சாயம் ஏறலடா" என்றார் அப்பா.

"உள்ள கீது நைனா. இதுங்களுக்குப் பொறக்கறதுல பாரு. செவப்பு வரும், சாம்பல் வரும். அதிர்ஷ்டம் இருந்தா வெள்ளையே வரும்."

அப்பா நம்பவில்லை. அந்தக் குட்டிகளில் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு, அவை பெரிதாகும்வரை அண்ணன் காத்திருந்தான். அவற்றில் பெண் முட்டையிட்ட வாரம், வேலை முடிந்து வரும்போது சேவூர் பக்கம் லாரி மோதி இறந்துபோனான்.

காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையைத் திறந்தாலே அவளுக்கு அழுகை வரும். அண்ணனிடம் வழக்கமாக வாங்கும் சென்னைக்காரர் வந்து, நிறமுள்ளவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டார். முட்டைகளைப் பார்த்துத் தயங்கினார். "பழுப்புக்குள்ள நெறம் இருக்குன்னு உங்க அண்ணன் சொன்னான்மா. அவனே இல்லாதப்ப யாரு நம்புவாங்க? பழுப்பு வெலைக்குன்னா எடுத்துக்கறேன்." நான் கொடுக்கவில்லை. விலைக்காக இல்லை. அவன் சொன்னது பொய் என்று ஆகிவிடும் போலிருந்தது. பொரிக்கிறவரைக்கும் மட்டும் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

முதல் முட்டை கிழிந்து எட்டிப்பார்த்தது பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. அப்பா தறிக்குப் போய்விட்டார். மத்தியானம் ஒரு தலை சிவப்பாக வெளியே வந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். சாயங்காலம் சாம்பல் ஒன்று. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி முட்டைவரை காத்திருந்தும் வெள்ளை வரவில்லை. அன்றைக்கு அவர் மறுபடியும் தறியில் உட்காரவில்லை.

சிவப்பையும் சாம்பலையும் அந்தச் சென்னைக்காரரே வந்து வாங்கிப்போனார். பழுப்பில் இரண்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று இப்போது அண்ணனின் டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கிறது.

அண்ணன் போனபிறகு நேற்றுதான் அம்மா முதல்முறையாக அந்த அலமாரிப் பக்கம் வந்தாள். "பழுப்ப உள்ள வச்சிகினு மேல வெள்ளைன்னு கீதே, அழிக்கக் கூடாதா?"

தறியிலிருந்து அப்பா சொன்னார்: "இருக்கட்டும் வுடு. அவன் தெரிஞ்சுதான் எழுதிக்கிறான்."