சூசை அண்ணன் கேட்டுப் பார்க்காமல் வாங்கிய ஒலிபெருக்கி

மூன்றாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். மலையில் கொழுந்து எடுக்கிற நேரத்தில் கீழே இறங்கி வருகிற ஆள் இல்லை அவர். "டீச்சர், நம்ம சூசை அண்ணன் தவறிட்டாருங்க. கண்டி ஆஸ்பத்திரியில இருந்து தந்தி வந்திருக்கு" என்றார். பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். பாட்டுக்கு நடுவில் யாராவது பேசினால் முறைக்கிறவர் சூசை அண்ணன். முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலையில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து வாடுவதிலிருந்து பெட்டியில் தூள் அடைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கு வாய் நீளம், அவருக்குக் காது மந்தம், அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது என்று அவர் மனைவி ரெஜினா அண்ணி கேலி பண்ணுவார்.

மந்தம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். கொழுந்து அரைக்கிற ரோலர்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக நின்ற காது அது. கண்டி டாக்டர் சோதித்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதும் போகப் போகக் குறையும் என்று கைவிரித்துவிட்டார். அண்ணனுக்கோ நாகசுரம் என்றால் பித்து. மாரியம்மன் திருவிழாவுக்கு மேளம் வந்தால், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரான அவர்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார். வீட்டுக் கிராமபோனில் இசைத்தட்டை வைத்துவிட்டு, "கொசு பாடுற மாதிரி கேக்குது டீச்சர்" என்று வருத்தப்படுவார். காது அடைபடுமுன் நல்ல ஒலிபெருக்கி ஒன்றில் அந்த நாகசுரத்தை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். இறம்பொடைப் பக்கத்தில் ஒரு துரை, அலுமாரி மாதிரி ஓர் ஒலிபெருக்கியை விற்கப்போகிறார் என்று தகவல் வந்தது. உசத்தியான சாமான். ஆனால் அதைப் பாட வைக்கிற ஆம்ப்ளிபயர் ஏற்கனவே கப்பலேறிவிட்டது. அண்ணன் தனக்கென்று செய்யச் சொல்லியிருந்த ஆம்ப்ளிபயரோ அட்டன் ரேடியோக்காரரிடம் அரைகுறையாகக் கிடந்தது. துரை அந்த வாரமே பங்களாவைக் காலி செய்கிறார். ஆகவே கேட்டுப் பார்க்க வழியில்லை. கொழும்புக் கடையில் அதே இனத்தில் புத்தம் புதியது கிடைக்கும் என்றார்கள். அங்கேயும் கேட்டுப் பார்க்கச் சாமான் இல்லை, படம் மட்டும்தான் இருந்தது. ஓர்டர் கொடுத்தால் கப்பலில் வரும். எப்போது வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

குவார்ட்டர்ஸ் முழுக்க இதே பேச்சு. "புதுசுன்னா பழுதானா கடைக்காரன் சட்டையப் புடிக்கலாம். பழசுக்கு சீமைக்கா போவீங்க?" என்றார் கண்டாக்கு ஐயா. "தொர வீட்டுல எத்தன வருசம் கத்துச்சோ, தொண்ட கட்டிப் போயிருக்கும்" என்றார் அண்ணி. நானும் புதுசு கட்சிதான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அன்று மாலை வேலியோரம் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "புதுசு நல்லதுதாங்க. ஆனா அது வந்து சேரயில பெட்டி இருக்கும், காது இருக்காது. கேட்டு வாங்க எனக்கு நேரமில்ல டீச்சர். வாங்கிக் கேக்குறேன்." அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேயிலை லொறியில் துரை வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டி வந்தது. கரடுமுரடான பாதை, விடாத மழை. ஒலிபெருக்கிக்குள்ளே காகிதத்தால் ஆன கூம்பு ஒன்று உண்டு. ஈரம் பட்டால் கெட்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் வைக்கோலோ பழந்துணியோ வைத்திருப்பார்கள். நம்மவர் டீமேக்கர் அல்லவா? உலகத்திலேயே ஈரத்தை இழுக்கிற சாமான் காய்ந்த தேயிலைதான் என்று, ஆலைக் கழிவுத் தூளைச் சாக்கில் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் கொட்டி அடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கையால் அள்ளி எடுத்தார்.

ஆம்ப்ளிபயர் வந்த அன்று, ஆலை டைனமோவிலிருந்து குவார்ட்டர்ஸுக்குக் கரண்ட் விட்டதும், எல்லோரும் அவர் வீட்டில் கூடினோம். நாகசுரம் எழுந்தது. கூடவே ஒரு கரகரப்பும் எழுந்தது. சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது எனக்கு. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தட்டு முடிந்ததும், "எப்படிங்க?" என்று எங்களைப் பார்த்தார். "பிரமாதம்!" என்றார் கண்டாக்கு ஐயா. எல்லோரும் அதையே சொன்னோம். வேறென்ன சொல்வது? அவர் காது போய்க்கொண்டிருக்கிறது, இனிப் புதுசு வாங்கவும் வழியில்லை.

கொஞ்ச நாள் பொறுத்தேன். என் வயிற்றில் பொய் தங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய், "அண்ணே, பெட்டி கரகரங்குது" என்றேன். "என்னது?" என்றார். "பெட்டி! கரகரங்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழே தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் சிரித்தார். "தெரியும் டீச்சர். மொத நாளே ஒங்க மொகத்தையெல்லாம் பாத்தேன். கண்டாக்கு ஐயா பிரமாதம்னாரு, மொகம் வேப்பெண்ண குடிச்ச மாதிரி இருந்துச்சு. பழசு வாங்குனவன் தலையெழுத்து, கேட்டா இவங்க மனசு நோகும்னு சும்மா இருந்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "நல்லா இருக்கு போங்க! ஒங்களுக்காக நாங்க வாய மூடுறோம், எங்களுக்காக நீங்க வாய மூடுறீங்க. பெட்டியத் தொறந்து பாக்கத்தான் ஆள் இல்ல!"

உடனே திறந்தார். கூம்பின் இடுக்கிலெல்லாம் தேயிலைத் தூள். மெல்லிய பிரஷ்ஷால் தட்டத் தட்ட, பாயில் உதிர்ந்தது. ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்து, "தீஞ்ச வாடை அடிக்குதே, யாரு காய வச்சது?" என்றார். "நீங்கதான்!" என்று அண்ணி கத்தினார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று மாலை கரண்ட் வந்ததும் மறுபடி தட்டை வைத்தார். சுத்தமான நாகசுரம் வீடு கொள்ளாமல் நிறைந்தது. அண்ணன் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "பழசு தப்பு பண்ணல டீச்சர். நான்தான் அது தொண்டையில தேயிலையப் போட்டேன்" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் கேட்டார். போதும் என்கிற மட்டும் கேட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. கடைசியில் பெட்டியின் மரத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத்தான் கேட்டார். அப்போதும் ஒவ்வொரு தட்டு முடிந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார். "எப்படிங்க டீச்சர்? நீங்க சொன்னா சரி. மத்தவங்கல்லாம் ரொம்ப நல்லவங்க" என்பார். கரகரப்பு வந்தால் வந்தது என்று கையைக் காட்டுவேன், பிரஷ்ஷை எடுப்பார். இல்லையென்றால், "சுத்தமா இருக்கு அண்ணே" என்பேன். அவருக்குக் கேட்காது. ஆனாலும் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

பெட்டி அண்ணியோடு அட்டனுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறது. அதுதான் நியாயம். என் வாயைப் பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. அதை நம்பித் தன் காதாக வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். பெட்டி போனாலும் அந்த வேலை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள், பெட்டியைக் கட்டுமுன் அண்ணி ஒரே ஒரு தட்டு வைத்தார். இருவரும் கேட்டோம். முடிந்ததும் வழக்கம்போல் அண்ணனின் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகு என்ன செய்வது? சத்தமாகவே சொன்னேன்: "சுத்தமா இருக்கு அண்ணே."