ஆறு குழியுள்ள தட்டு

துறைமுக வாசலில் ஓட்டோ ஓட்டுகிறவர் அவர். தேத்தண்ணிக் கடையில் குடித்த கிளாசைத் தானே கழுவி வைப்பார். பாரிஸில் பத்து வருடம் உணவகக் குசினியில் தட்டுக் கழுவியவர். நகங்கள் இன்னும் வெளிறியே இருந்தன.

சுற்றுலா போகுமுன் கேட்டேன்: "பாரிஸில என்னத்தைப் பாக்கிறது, என்ன சாப்பிடுறது, அண்ணை?"

"கோபுரத்தை நான் பஸ்ஸுக்குள்ள இருந்துதான் கண்டனான். சாப்பாடெண்டால் நத்தை. ருசி தெரியாது. தட்டில ஆறு நத்தைக்கு ஆறு குழி இருக்கும். பட்டர் ஒட்டினால் லேசில போகாது."

போனேன், தின்றேன். ஆறு குழியிலும் இருந்த பட்டரைப் பாண் துண்டால் வழித்துத் துடைத்தேன். திரும்பி வந்து அதே கடையில் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அங்க கழுவினது ஆர்? எங்கட ஆக்களோ?"

குசினிப் பக்கம் பார்க்கவே இல்லை என்றேன்.

அவர் எழுந்து, என் கிளாசையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.